அக்கா கடை சிபியுவும் ஒன்பது மணி மோட்டாரும்

நீடாமங்கலத்தில் அக்கா ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ், லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, பட்டா சிட்டா பிரின்ட், மே மாதம் வந்தால் பிள்ளைகளுக்குக் காலேஜ் அப்ளிகேஷன் என்று கடை முழுக்க ஒரே ஒரு கம்ப்யூட்டரை நம்பி ஓடுகிறது. சித்திரை பிறந்ததிலிருந்து அதற்குப் பேய் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஆஃப் ஆகும், தானே ஆன் ஆகும். ஒரு நாள் விண்டோஸ் முடங்கி நீலத்திரை வரும். ஒரு நாள் மவுஸ்கூட நகராமல் அப்படியே நிற்கும். மறுநாள் முழுக்க ஒன்றுமே ஆகாது, சமர்த்தாக ஓடும்.

என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் உள்ளூரில் ஒருவரிடம் இரண்டு தடவை போயிருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே வைத்தியம்தான்: விண்டோஸ் கரப்ட், ஃபார்மேட் போட்டாச்சு, ஐந்நூறு ரூபாய். இதில் எனக்குப் பணத்தைவிட வேறு ஒரு வருத்தம் உண்டு. விண்டோஸ் ஒவ்வொரு தடவை விழும்போதும் ஏன் விழுந்தேன் என்று உள்ளே குறிப்பு எழுதி வைக்கிறது. ஃபார்மேட் போட்டால் அந்தக் குறிப்பெல்லாம் போய்விடும். திருட்டு நடந்த வீட்டைப் போலீஸ் வருவதற்குள் பெருக்கித் துடைத்து வைப்பது போலத்தான்.

"டேய், அடுத்த வாரம் ஏழு பத்திரிகை ப்ரூஃப் குடுக்கணும்டா. ஏழும் வைகாசி முகூர்த்தம். வர்றியா இல்லையா?" என்றாள் போனில்.

நான் இருப்பது தஞ்சாவூரில். சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் நீடாமங்கலம் ரயில்வே கேட் போட்டுவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் செல்லாது. லீவு கிடைக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்பதால் போனிலேயே இரண்டு வேலை சொன்னேன். ஒன்று, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடு. அதை எடுத்துவிட்டால் நீலத்திரை வந்தால் அங்கேயே நிற்கும். அதன் பிறகும் தானாக ரீஸ்டார்ட் ஆனால் அது விண்டோஸ் செய்ததில்லை, கரண்டு பக்கம் ஏதோ கோளாறு என்று பிரித்துப் பார்க்கலாம். இரண்டு, ஒரு நோட்டுப் போடு. எத்தனை மணிக்கு, என்ன வேலை செய்தபோது, என்ன ஆனது. மூன்றே மூன்று விஷயம், காரணமெல்லாம் நீ எழுத வேண்டாம்.

அக்கா நோட்டெல்லாம் வாங்கவில்லை. அச்சில் மை இழுகிப்போன பத்திரிகை அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். முன்பக்கம் மணமக்கள் பெயர், பின்பக்கம் இப்படி:

மே 8, காலை 9.05, சும்மா இருந்தது, ஆஃப் ஆகி ஆன்.
மே 8, மதியம் 12.40, போட்டோஷாப், நீலம்.
மே 9, காலை 9.10, பட்டா பிரின்ட், ஆஃப் ஆகி ஆன்.
மே 9, மாலை 5, கல்யாண போட்டோ ஃபோல்டர் திறந்தேன், நின்னுபோச்சு.
மே 10, காலை 9.02, ஆஃப் ஆகி ஆன். ஃபோட்டோ சேவ் பண்ணல. நாசமா போக.

பதினொரு நாளில் மொத்தம் 23 தடவை. அதில் ஆஃப் ஆகி ஆன் ஆனது 14, நீலத்திரை 6, அப்படியே நின்றது 3. இந்த எண்ணிக்கையைப் பார்த்தபோதே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பை நிறைய ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், பென்டிரைவ் எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன்.

மெஷின் 2019 கடைசியில் அசெம்பிள் செய்தது. ஐ3-9100 ப்ராசசர், ஹெச்310 போர்டு, எட்டு எட்டு ஜிபியாக இரண்டு டிடிஆர்4 ராம் (தற்காலிக நினைவகம்), விண்டோஸுக்கு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி, போட்டோக்களுக்கு ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க். சுவர்க் கரண்டை மெஷினுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டி கேபினெட்டோடு சேர்ந்து வந்தது. 450 வாட் என்று மேலே எழுதியிருக்கும், தூக்கிப் பார்த்தால் கையில் எடையே தெரியாது. அந்த எடையிலேயே பாதி விஷயம் புரிந்துவிடும், ஆனால் எடையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாதே.

முதலில் விண்டோஸ் எழுதி வைத்த குறிப்புகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர். கடைசி ஃபார்மேட்டுக்குப் பிறகான குறிப்புகள் மட்டும்தான் இருந்தன, அதுவே போதும். கெர்னல்-பவர் 41 என்று சிவப்பு நிறத்தில் வரிசையாக நின்றது. இந்த 41-ஐப் பார்த்தவுடன் பலர் எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது சொல்வதெல்லாம் 'போன தடவை நான் முறையாக மூடப்படவில்லை' என்பது மட்டுமே. அதன் டீட்டெய்ல்ஸ் பகுதியில் பக்செக்கோடு என்று ஓர் எண் இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். அது பூஜ்யமாக இருந்தால், விண்டோஸுக்கு மூச்சுவிடக்கூட நேரம் தராமல் கரண்டு போயிருக்கிறது, அல்லது யாரோ ரீசெட்டை அமுக்கியிருக்கிறார்கள். எண் இருந்தால் நீலத்திரை வந்து விழுந்திருக்கிறது. அக்கா அட்டையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 'ஆஃப் ஆகி ஆன்' என்று எழுதிய இடமெல்லாம் பூஜ்யம். 'நீலம்' என்ற இடங்களில் 26, 80, 10, மறுபடி 26. அதாவது மெமரி மேனேஜ்மென்ட், பேஜ் ஃபால்ட், ஐஆர்க்யூஎல். ஒரே டிரைவர் தகராறு என்றால் பெரும்பாலும் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். இப்படி ஆளுக்கொரு பெயர் சொன்னால் நான் முதலில் ராமைத்தான் சந்தேகப்படுவேன்.

சரி, திறந்து பார்ப்போம் என்று பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். ஜெராக்ஸ் கடைத் தூசு தனி ரகம். பேப்பர்த் துகளும் டோனர் பொடியும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படிந்திருந்தது. ப்ராசசர் ஹீட்சிங்க் இருப்பதே தெரியவில்லை. பின்பக்கம் திருப்பியபோதுதான் அதைப் பார்த்தேன். எஸ்எம்பிஎஸ் காற்று வெளியேறும் வலைக்கண்ணில், முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு குளவிக் கூடு. நல்ல வண்டல் களிமண், வாய்க்காலிலிருந்து எடுத்து வந்து பூசிய மாதிரி வழவழவென்று.

பெயர்க்கலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அக்காவின் மாமியார் ஓடிவந்தார்.

"அதை ஒடைக்காதப்பா. குளவி கூடு கட்டுனா வீட்ல புள்ள உண்டாவும்."

"அத்தை, இது வீடில்ல, கடை," என்றாள் அக்கா. "எம்பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா. இனிமே யாருக்கு?"

கூட்டில் ஓட்டை விழுந்திருந்ததைக் காட்டினேன். உள்ளே இருந்தது வளர்ந்து பறந்துபோய்விட்டது, இப்போது காலி வீடுதான். அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். மண்ணைக் கையில் வாங்கித் துளசி மாடத்தில் போட்டுவிட்டார்.

அந்தக் கூடு எத்தனை மாதமாக இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸின் மூச்சை அடைத்துக்கொண்டு ஒரு கோடையையாவது கடந்திருக்கும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும்.

ப்ளோயர் போட்டுத் தூசை ஊதி, ப்ராசசரில் காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாக வைத்தேன். வேலைப் பளுவில் 84 டிகிரி காட்டியது 63-க்கு இறங்கியது. நல்லதுதான், ஆனால் இதனால் கோளாறு தீரும் என்று நான் நம்பவில்லை. இந்த ப்ராசசருக்கு உச்சவரம்பு 100 டிகிரி. அதை நெருங்கினாலும் முதலில் வேகத்தைத்தான் குறைத்துக்கொள்ளும், படக்கென்று அணையாது.

அப்புறம் ராம். நம் ஊரில் ராம் என்றவுடன் கை தானாக ரப்பரைத் தேடும். பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் தங்கப் பூச்சுள்ள பற்களை மெல்லத் தேய்த்துத் திரும்பச் செருகினால் 'டிஸ்ப்ளே வரவில்லை' என்ற நோய் பாதிக்குப் பாதி குணமாகும். ஈரக்காற்றில் பற்கள் மங்கி, தொடர்பு சரியாகக் கிடைக்காமல் போவதுதான் அதற்குக் காரணம். நானும் தேய்த்தேன். தேய்த்தபின் ரப்பர்த் துகளை ஊதிவிட வேண்டும், ஸ்லாட்டுக்குள் போனால் புதுத் தலைவலி. ஆனால் உள்ளே சிப்பே கெட்டிருந்தால் ரப்பர் என்ன செய்யும்? அதற்கு ராத்திரி முழுக்கச் சோதனை ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

மெம்டெஸ்ட்86+ என்ற இலவசச் சோதனை நிரலைப் பென்டிரைவில் போட்டு, விண்டோஸ் இல்லாமல் நேரடியாக அதிலிருந்து பூட் செய்தேன். ராமின் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றை எழுதும், பிறகு படித்துப் பார்க்கும், எழுதியதும் படித்ததும் ஒன்றாக இல்லையென்றால் சிவப்பாகக் காட்டும். 16 ஜிபிக்கு ஒரு சுற்று முடிய ஒன்றேகால் மணி நேரம் போல ஆனது. கடையை மூடி, ஷட்டரைப் பாதி இறக்கி வைத்துவிட்டு ஓட விட்டோம். முதல் சுற்றில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் ஒன்றுமில்லை. இங்கேதான் பலர் 'ராம் நல்லா இருக்கு' என்று எழுந்து போய்விடுவார்கள். நானும் சாப்பிடத்தான் போனேன், ஆனால் நிறுத்திவிட்டுப் போகவில்லை. காலையில் வந்து பார்த்தால் மூன்றாவது சுற்றில் 4 பிழை, ஐந்தாவதில் 9. எல்லாப் பிழையிலும் அதே ஒரு பிட்தான் புரண்டிருந்தது.

எந்த ராம் என்பது அந்தப் பிழையின் முகவரியிலிருந்து தெரியாது. இரண்டு ராம் இரட்டைச் சேனலில் ஓடும்போது முகவரிகள் சீட்டுக் கலைத்த மாதிரி இரண்டிலும் மாறி மாறிப் போகும். ஒவ்வொன்றாகத்தான் போட்டுப் பார்க்க வேண்டும். மார்க்கரால் ஏ, பி என்று எழுதி, ஞாயிறு பகல் ஏ, ஞாயிறு ராத்திரி பி. ஏ சுத்தம். பி-யில் பிழை. பி-யை அடுத்த ஸ்லாட்டில் மாற்றிப் போட்டேன், அங்கேயும் பிழை. ஆக ஸ்லாட்டில் குற்றமில்லை, ராம்தான். பி-யை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், வாரன்டி இருந்தது. எட்டு ஜிபியில் கொஞ்ச நாள் ஓட்டு என்றேன்.

இன்னொரு சின்ன வேலையும் அதே ஞாயிறு செய்தேன். 'அப்படியே நின்றது' என்ற மூன்று பதிவும் போட்டோ ஃபோல்டரைத் திறக்கும்போது என்று அக்கா எழுதியிருந்தாள். போட்டோ இருப்பது ஹார்ட் டிஸ்க்கில். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் பார்த்தால் மாற்றிவைக்கப்பட்ட செக்டர் பூஜ்யம், காத்திருக்கும் செக்டர் பூஜ்யம். டிஸ்க் ஆரோக்கியம். ஆனால் சி7 என்ற வரியில், அதாவது யுடிஎம்ஏ சிஆர்சி பிழை எண்ணிக்கையில், 212 என்று இருந்தது. டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவே போகிற தகவல் வழியில் கெட்டுப்போன தடவைகள் அவை. கிட்டத்தட்ட எப்போதுமே கேபிள்தான். சாட்டா கேபிளைத் தொட்டால் ஆடியது, பூட்டும் கிளிப்பே இல்லாத பழைய ரகம். கிளிப் வைத்த புதுக் கேபிள், 80 ரூபாய். முடிந்தது. இந்தச் சி7 எண் கேபிளை மாற்றினாலும் குறையாது, ஏறத்தான் தெரியும். அதனால் 212 என்று கேபினெட்டின் உள்பக்கத்திலேயே எழுதி வைத்தேன்.

திங்கள் காலை தஞ்சாவூர் திரும்பிவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கவில்லை, போன்.

"ஆஃப் ஆகி ஆன் ஆயிடுச்சுடா."

"நீலத்திரையா?"

"இல்ல. படக்குன்னு போச்சு, வந்துச்சு. 9.07."

புதன்வரை நீலத்திரை ஒன்றுகூட இல்லை, நிற்பதும் இல்லை. ஆனால் அந்த 14 அப்படியே தொடர்ந்தது. தினம் ஒன்று, சில நாள் இரண்டு. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இது ஒரு நோயில்லை, மூன்று. மூன்றும் ஒரே கேபினெட்டுக்குள் குடியிருந்ததால்தான் ஒரு தலையும் வாலும் புரியாத ஒரே கோளாறு மாதிரி தெரிந்திருக்கிறது. இரண்டை நீக்கியதும் மூன்றாவது தனியாக நின்று முகத்தைக் காட்டியது.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனேன். அட்டையை இந்தத் தடவை ஒழுங்காகப் பார்த்தேன். 9.05, 9.10, 9.02, 9.07. மதியத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு. இரவில் ஒன்றுகூட இல்லை. மெம்டெஸ்ட் இரண்டு ராத்திரி முழுக்க ஓடியபோது ஒரு தடவைகூட மெஷின் அணையவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கண் முன்னால் இருந்திருக்கிறது, நான் பார்க்கவில்லை.

அத்தான் டீ குடித்துக்கொண்டே அட்டையை எட்டிப் பார்த்தார். அவருக்குக் கம்ப்யூட்டர் பக்கமே ஆகாது, கோரையாற்றுப் பக்கம் மூன்று ஏக்கர், போர்செட்.

"என்ன மாப்ள, நம்ம மோட்டார் போடுற நேரத்தை எழுதி வெச்சிருக்கீங்க?"

"எது அத்தான்?"

"ஒம்போது மணிக்குத்தான இப்ப மும்முனை கரண்டு வருது. வந்தவொடனே எல்லாரும் ஸ்டார்ட்டரை அமுக்குவாங்க. குறுவைக்கு நாத்தங்கால் போட்டிருக்கு, தண்ணி வேணும்ல."

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறப்பது வழக்கம். அது ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பைத் தாண்டி வாய்க்காலுக்கு வரும்வரை காத்திராமல், போர் வைத்திருப்பவர்கள் மே மாதமே நாற்று விட்டுவிடுவார்கள். கடை ஊரின் ஓரத்தில் இருக்கிறது, தெருவுக்கும் வயலுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர். 5 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 7, 8 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைப் போல ஐந்து ஆறு மடங்கு இழுக்கும். பத்து மோட்டார் ஐந்து நிமிடத்துக்குள் அடுத்தடுத்து எழுந்தால் தெருவிளக்கு கண் சிமிட்டாமல் என்ன செய்யும்?

ஆனால் நடுவில், கரண்டு போனால் பேட்டரியில் தாங்கும் யுபிஎஸ் இருக்கிறதே? அதுதான் என்னைக் குழப்பியது. அந்தச் சனி ராத்திரியே யுபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பார்த்தேன். ஐந்து தடவை பிடுங்கினேன், ஐந்து தடவையும் மெஷின் அசையவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் ஒயர்களில் மீட்டர் வைத்தேன். மஞ்சளில் 12.08, சிவப்பில் 5.03, ஆரஞ்சில் 3.31. ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம் என்பது விதி, இது அரை சதவீதம், ஒரு சதவீதத்துக்குள் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. யுபிஎஸ்ஸும் நன்றாக இருக்கிறது, எஸ்எம்பிஎஸ்ஸும் நன்றாக இருக்கிறது, மெஷின் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது.

ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கே போய் உட்கார்ந்தேன். ராத்திரி 231 வோல்ட் இருந்த இடத்தில் இப்போது 190. மீட்டரில் மிகக் குறைந்த அளவைப் பிடித்து வைக்கும் வசதியைப் போட்டுவிட்டு, யுபிஎஸ்ஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பையும் மாட்டி வைத்தேன். 9.04-க்கு யுபிஎஸ்ஸுக்குள் 'டக்' என்று, பேட்டரிக்கு மாற்றிவிடும் ரிலேயின் சத்தம். பல்பு லேசாகச் சிமிட்டியது, அணையவில்லை. மானிட்டர் அணையவில்லை. சிபியு மட்டும் போய் வந்தது. மீட்டரில் குறைந்த அளவு 163.

இப்போது ராத்திரி செய்த அதே பிளக் சோதனையை அந்த 190 வோல்ட்டில் செய்தேன். ஐந்தில் நான்கு தடவை ரீஸ்டார்ட். வீட்டிலிருந்த பழைய சிபியு ஒன்றை அதே யுபிஎஸ்ஸில் மாட்டிப் பிடுங்கினேன், பத்துக்குப் பத்தும் தாங்கியது. ஆக யுபிஎஸ் நல்லது. அந்தப் பழையதின் எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி இதில் மாட்டினேன். பத்துக்குப் பத்து.

என்ன நடக்கிறது என்றால், கடையில் இருக்கும் மாதிரி யுபிஎஸ் லைனிலிருந்து பேட்டரிக்கு மாறும்போது சில மில்லிசெகண்ட் இடைவெளி விழும். அந்த நேரத்தில் வெளியே கரண்டே கிடையாது. எஸ்எம்பிஎஸ்ஸின் முன்பகுதியில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், ரேடியோக் காலத்து ஆட்கள் கண்டென்சர் என்பார்களே அது, தன்னிடம் சேர்த்து வைத்திருப்பதைக் கொடுத்து அந்த இடைவெளியைக் கடத்திவிடும். வீட்டில் குடத்தில் தண்ணீர் இருந்தால் பைப்பில் கொஞ்ச நேரம் வராவிட்டாலும் தெரியாதில்லையா, அந்த மாதிரி. குடம் சுருங்கிவிட்டால்? அதோடு, குடத்தில் இருக்கும் சேமிப்பு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-இல் இருப்பதில் 190-இல் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும், 163-இல் பாதி. அதனால்தான் ராத்திரி தாங்கியது, காலையில் தாங்கவில்லை. மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று தடவை சராசரி பார்க்கும் கருவி. நூறில் ஒரு பங்கு நொடியில் விழுந்து எழுவதை அது எப்படிப் பார்க்கும்? 12.08 என்று அது சொன்னது பொய்யில்லை, நான் கேட்ட கேள்விதான் தப்பு.

எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்த்தேன். இதை எல்லோரும் செய்ய வேண்டாம். 230 வோல்ட் ஏசியை டிசியாக மாற்றினால் 325 வோல்ட் ஆகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை என் கட்டைவிரலுக்கு அது நன்றாகப் புரிந்திருக்கிறது. அரை மணி நேரம் வைத்து, மீட்டரால் பூஜ்யம் என்று பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். கெப்பாசிட்டரின் தலை உப்பவில்லை, கசியவும் இல்லை, பார்க்கப் புதிது மாதிரிதான். கழற்றி அளந்தால், 220 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது 61 காட்டியது. உள்ளே இருக்கும் திரவம் வற்றிவிட்டது. இந்த வகைக் கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸில் பழைய கணக்கு. பின்பக்க வலையை அடைத்துக்கொண்டு குளவி வீடு கட்டிய கதை இங்கேதான் வந்து சேர்கிறது.

கெப்பாசிட்டரை மட்டும் மாற்றலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். வேண்டாம். மற்றவையும் அதே சூட்டில்தான் வெந்திருக்கும். தஞ்சாவூரில் 2,900 ரூபாய்க்கு நல்ல 450 வாட் ஒன்று வாங்கினேன். கையில் எடுத்தால் கனம் தெரிந்தது. அது வரும்வரை பழைய சிபியுவின் எஸ்எம்பிஎஸ்ஸே ஓடியது.

ஒன்று விட்டுப்போயிற்று. கழற்றும்போதெல்லாம் கேபினெட்டைத் தொட்டால் முழங்கை வரை சுருசுருவென்று இருந்தது. "ரொம்ப நாளா அப்படித்தான்டா, அதான் செருப்புப் போட்டுக்கிட்டு உக்காருறேன்" என்றாள் அக்கா, ஏதோ அது கடையின் வழக்கம் மாதிரி. கேபினெட்டுக்கும் நியூட்ரலுக்கும் மீட்டர் வைத்தால் 108 வோல்ட். எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டியில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புத் தகட்டுக்கு இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் போகும். எர்த் இருந்தால் அந்தத் துளி மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் தகடு பாதி வோல்டேஜில் மிதக்கும்.

கடைக்குப் பின்னால் எர்த் குழியைப் போய்ப் பார்த்தோம். நம் பக்கத்துக் களிமண் மழைக்காலத்தில் சகதி, கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. குழாயைச் சுற்றி மண் விலகி இடைவெளி தெரிந்தது. கம்பியை இறுக்கியிருந்த நட்டு துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுப் புது கிளாம்ப் போட்டு, கரியும் உப்பும் போட்டு, நான்கு குடம் தண்ணீர் ஊற்றினோம். சுவர் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்குக் கீழே வந்தது, சுருசுருப்பு போயிற்று. "இதனாலதான் தம்பி உங்க கம்ப்யூட்டர் ஆஃப் ஆச்சு" என்று அண்ணன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எர்த் வேலை முடிந்த மறுநாள் காலையில், ஒப்பிட்டுப் பார்க்க, கழற்றிய கெப்பாசிட்டரைத் திரும்பப் பற்றவைத்து, பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மூடித் திரும்ப மாட்டி ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கினேன். ரீஸ்டார்ட் ஆனது. அவரிடம் சொல்லவில்லை, அவர் செய்த வேலை எப்படியும் செய்ய வேண்டியதுதான். வாரத்துக்கு ஒரு தடவை குழியில் இரண்டு குடம் ஊற்றும் பொறுப்பை அத்தை ஏற்றுக்கொண்டார், துளசிக்கு ஊற்றும்போதே அதற்கும்.

யுபிஎஸ்ஸில் லேசர் பிரின்டரும் மாட்டியிருந்தது, அதைக் கழற்றி நேராகச் சுவரில் மாட்டச் சொன்னேன். பிரின்டர் உள்ளே உருளை சூடேறும் நேரத்தில் இழுக்கும் கரண்டு ஒரு சின்ன யுபிஎஸ் தாங்குகிற சமாச்சாரமில்லை. புது எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க வலைக்கு முன்னால் ஒரு கொசுவலைத் துண்டை வைத்துக் கட்டலாமா என்று அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன், காற்றும் நிற்கும், தூசும் சேரும். மாதம் ஒரு தடவை பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

வாரன்டியில் போன ராம் மூன்று வாரம் கழித்து வந்தது. போடுவதற்கு முன் அதையும் ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்டில் வைத்தேன், ஆறு சுற்றும் சுத்தம். இப்போது ஒன்பது மணிக்கு யுபிஎஸ் 'டக்' என்கிறது, அக்கா தலைநிமிராமல் டைப் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஆடிப்பெருக்குக்குப் போனபோது கேபினெட்டைத் திறந்து, உள்பக்கத்தில் எழுதி வைத்ததையும் திரையையும் பார்த்தேன். 212. அப்படியேதான் இருந்தது.